துரைசானி மிஷின் விலை

குண்டனி நாடு, கொல்லிமலை
சுபானு வருஷம் வைகாசி 21

அன்பு மகள் பாவாயிக்கு, உன் அப்பன் செங்கோடன் தன் கையாலேயே எழுதுவது.

முதலில் இந்தக் கோணல் எழுத்துக்கு என்னை மன்னித்துவிடு. மழைக்கு ஒதுங்கிய வெள்ளாடுகள் போல ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. மண்வெட்டிப் பிடியைப் பிடிப்பதுபோலப் பேனாவை இறுக்கிப் பிடித்து இதுவரை இரண்டு நிப்பு முறித்துவிட்டேன். அர்த்தனாரி வாத்தியார், "அது ஓடிப் போகாதுங்க, மெதுவாப் புடிங்க" என்கிறார். இத்தனை நாள் அவர்தான் எனக்காக உனக்கு எழுதினார். இனி நானே எழுதுவேன். துரைசானி பங்களாவில் நீ தையலும் எழுத்தும் கற்றபோது, பொட்டப் பிள்ளைக்கு இது எதற்கு என்று சிரித்தவன் நான். இப்போது பல் போன வயதில் சின்னப் பிள்ளைகளோடு பலகை பிடித்து உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம், கண்ணு!

எட்டுக்கை அம்மன் புண்ணியத்தில் நாங்கள் இருவரும் சுகம். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் அப்படியே. சாமை விதைத்தாயிற்று. நீயும் நீ நம்பிப் போன அருணாசலமும் சுகமா? சேலத்துத் தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா?

போன வாரம் ஒரு துக்கத்துக்காகக் குண்டூர் நாட்டுக்குப் போனேன். ராசப்பன் வீட்டில் உன் தையல் மிஷினைப் பார்த்தேன். மூலையில் சாக்குப் போட்டு மூடி, மேலே கோழிக்கூடையைக் கவிழ்த்து வைத்திருக்கிறான். அவன் மகன் மாணிக்கத்தை விட்டு நீ வந்த அன்று, கல்யாணத்தில் அவர்கள் நமக்குத் தந்த பரியப் பணம் அறுபது ரூபாயைத் திருப்பித் தரும்வரை அடமானமாக இருக்கட்டும் என்று பஞ்சாயத்தில் நாட்டார் சொல்லி நீ இறக்கி வைத்த மிஷின். "பாதிக் காசு பெறாத இரும்பு" என்று அன்று அவன் முனகியது இன்னும் காதில் இருக்கிறது. கோழி அதன்மேல் எச்சமிட்டிருந்தது. உனக்கு வருத்தமாக இருக்குமோ என்னவோ, ஆனாலும் எழுதிவிட்டேன்.

இந்த ஒரு கடிதம் எழுத எனக்கு நாலு நாள் ஆயிற்று.

இப்படிக்கு,
உன் அப்பன் செங்கோடன்


செவ்வாய்ப்பேட்டை, சேலம்
20-6-1943

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பாவாயியின் வணக்கம். நாங்கள் சுகம். அம்மாவின் காலுக்கு நொச்சி வதக்கி ஒத்தடம் கொடுங்கள்.

கவரைப் பிரித்தேன். வாத்தியார் எழுத்து இல்லை. யாரோ எழுதத் தெரியாதவர் அவசரத்தில் எழுதியிருக்கிறார், வீட்டில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்துக் கடிதத்தை நீட்டினேன். அருணாசலம் வாங்கிக் கடைசி வரியைப் பார்த்து, "உங்கப்பன் எழுதினதுடி!" என்றார். இரண்டு பேரும் அழுதோம், அப்புறம் சிரித்தோம். அவர் பஞ்சுக் கிடங்கில் மூட்டை தூக்குகிறார். நான் கடையில் பட்டாளத்துக் காக்கிச் சட்டை தைக்கிறேன்.

அப்பா, மிஷினைப் பற்றி எழுதினீர்களே. இங்கே நடப்பதைக் கேட்டால் திகைத்துப் போவீர்கள். சண்டையால் சீமையிலிருந்து கப்பல் வருவதில்லை. புது மிஷின் என்பதே இல்லை. காக்கி தைக்கிறவர்கள் எல்லாரும் பழைய மிஷினுக்கு அலைகிறார்கள். போன வாரம் எங்கள் தெருவில் ஒரு கைமிஷின், நம்முடையதைப் போலவே, பொன்னெழுத்துகூட அழிந்துபோனது, இருநூற்று எண்பது ரூபாய்க்குப் போயிற்று! என் முதலாளி வாயில் போட்ட வெற்றிலையை மெல்ல மறந்து நின்றார். துரைசானி அதைப் புதிதாக வாங்கியபோது நூற்றுச் சொச்சம் என்பாள். ஊருக்குப் போகும்போது பழைய சாமான் என்று என் சம்பளத்தில் முப்பத்தைந்து பிடித்துக்கொண்டு கொடுத்தாள். கோழிக்கூடைக்கு அடியில் இருப்பது அதுதான், அப்பா.

அறுபது ரூபாய் சேர்த்துவிட்டேன். மணியார்டரில் அனுப்புகிறேன். ராசப்பனிடம் கொடுத்து மிஷினை மீட்டு, நாட்டார் முன்னால் மாணிக்கத்தைத் துரும்பு கிள்ளிப் போடச் சொல்லி, அந்தக் கல்யாண பந்தத்தை அறுத்து விவகாரத்தை முடித்துவிடுங்கள். மிஷின் வந்துவிட்டால் நான் கூலிக்குப் போக வேண்டாம். வீட்டிலேயே உட்கார்ந்து தைப்பேன்.

இப்படிக்கு,
பாவாயி


குண்டனி நாடு
சுபானு ஆடி 3

மகள் பாவாயிக்கு அப்பன் எழுதுவது. சுகம். உன் சுகத்துக்கும் அருணாசலம் சுகத்துக்கும் அம்மனுக்கு விளக்கு வைத்தோம். நொச்சி ஒத்தடத்தில் உன் அம்மாவின் வலி பாதி குறைந்தது.

பணம் வந்து சேர்ந்தது. உன் கடிதமும் சேந்தமங்கலம் தபாலாபீசிலிருந்து வியாபாரி நாச்சிமுத்து பொதிமாட்டில் கட்டி வரும் சாமானோடு சோளக்காட்டுச் சந்தைக்கு வந்தது. வீடு வரை பொறுக்க முடியவில்லை, கண்ணு. அங்கேயே பிரித்தேன். எல்லாரும் பார்க்கிறார்கள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்று பாதிப் பேர் நம்பவில்லை. மிளகு மூட்டைமேல் ஏறி நின்று முதலிலிருந்து உரக்க வாசித்தேன்.

இருநூற்று எண்பது என்ற இடம் வந்ததும் சந்தையே நின்றுவிட்டது! தராசு பிடித்தவன் தட்டைக் கீழே வைத்தான். "ஏனுங்க செங்கோடண்ணா, இன்னொருக்காப் படிங்க" என்றார்கள். படித்தேன். வாழைக்காய் விற்கும் கண்ணாயி மார்பில் கை வைத்துக்கொண்டு, "அந்தக் காசுக்கு ரெண்டு ஜோடி எருது புடிக்கலாமே சாமி! துணி தைக்கற சக்கரத்துக்கா?" என்றாள். "நெசந்தானுங்க. நாமக்கல்லுல ஊசி ஒண்ணு கெடைக்கறதே கஷ்டமா இருக்குது" என்றான் நாச்சிமுத்து. நானே எழுதிய விலைபோல எனக்குப் பெருமை.

ராசப்பனும் அங்கே இருந்தான். வெல்லம் வாங்க வந்தவன் வாங்காமலே போய்விட்டான். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மறுவாரம் அறுபதையும் முடிந்துகொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். மிஷின்மேல் கோழிக்கூடை இல்லை! துடைத்து, குங்குமம் வைத்து, சாமி மூலையில் ஏற்றியிருக்கிறான். பணத்தை நீட்டினேன். அவன் கையை மடக்கிக்கொண்டு சொல்கிறான்: "அறுவதா? அது அன்னிக்குப் பரியமுங்க. மிஷினு வெல ஏறலாம், பரியம் ஏறப்படாதுங்களா?"

"அறுவதுக்கு மேல ஒரு தம்பிடி தரமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பணத்தை மறுபடி முடிந்துகொண்டேன். பிறகு வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன். அவன் விற்க முடியாது, அடமானப் பொருள். வைத்துக் காக்கட்டும். விலையோ மிளகுக் கொடிபோல ஏறுகிறது. துரும்பு கிள்ளிப் போடும்வரை உனக்குப் பிறக்கும் பிள்ளை மாணிக்கத்தின் பிள்ளை என்பது நம் மலை வழக்கம். நமக்கு அந்தக் கவலையும் இல்லை. நாலு வருஷம் பார்த்துவிட்டு, பிள்ளை இல்லை என்றுதானே அவன் இன்னொருத்தியைக் கொண்டு வந்தான். ஆகவே அவசரம் ஒன்றும் இல்லை.

அப்பன் செங்கோடன்


சேலம்
1-8-1943

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வணக்கம். சுகம்.

அப்பா, உங்கள் கையெழுத்து முன்னைவிட நேராக வருகிறது. ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். என் கடிதங்களைச் சந்தையில் வாசிக்காதீர்கள்.

ராசப்பன் என்ன கேட்கிறார் என்று விசாரித்து, சீக்கிரம் முடித்துவிடுங்கள். விலை ஏறட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நாட்டார் எப்போது கூடுவார்கள்?

பாவாயி


குண்டனி நாடு
சுபானு ஆவணி 14

மகள் பாவாயிக்கு அப்பன் ஆசீர்வாதம். நாங்கள் சுகம். உன் கடிதம் இவ்வளவு சின்னதாக இருந்ததால் இருமுறை கவருக்குள் கை விட்டுப் பார்த்தேன், இன்னொரு தாள் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்று. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

சந்தையில் வாசிக்கக் கூடாது என்று எழுதியிருந்தாய். சரி. ஆனால் நீ என் நிலைமையையும் நினைக்க வேண்டும். நான் வந்ததுமே கண்ணாயி ஒரு சீப்பு பழத்தை நீட்டி, "சேலத்துச் சேதி படிங்க" என்கிறாள். மூட்டையைத் துடைத்து இடம் விடுகிறார்கள். ஆகவே வணக்கம், சுகம் என்ற இடம்வரை மட்டும் வாசித்தேன். "இவ்வளவுதானா? மிஷினு என்ன வெல இப்ப?" என்று கூச்சல். நாச்சிமுத்துதான் சொன்னான்: முந்நூற்று இருபது! ஒரு பெரியவர் கீழேயே உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் மிஷினுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவர் வீட்டில் ஊசிகூட இருக்காது.

ராசப்பனிடம் ஆள் விட்டுக் கேட்டேன். நூற்றைம்பது கொடுத்தால் மிஷினையும் தருவானாம், துரும்பும் கிள்ளுவானாம். இது நியாயமா? விடமாட்டேன். இப்போது நாட்டாரைக் கூட்டினால் பாதிப் பேர் காட்டில் களையெடுப்பில் இருப்பார்கள். அறுப்பு முடிந்து, பொங்கல் போய், தைக்குப் பின் எல்லா ஊர்க்கவுண்டர்களும் இருக்கும்போது நாட்டுத் தலைவர் பட்டக்காரர் முன்னால் பேசிக்கொள்ளலாம். அதற்குள் மிஷின் நானூறைத் தொட்டாலும் ஆச்சரியம் இல்லை. நீ உட்கார்ந்து பார்த்துக்கொண்டிரு.

அருணாசலத்தைக் கேட்டதாகச் சொல். அவன் ஏன் ஒரு வரிகூட எழுதுவதில்லை?

அப்பன் செங்கோடன்


சேலம்
19-9-1943

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வணக்கம். இருவரும் சுகம்.

தைக்குப் பின் வேண்டாம். அதற்கு முன்பே முடிய வேண்டும். பணம் வேண்டாம் என்றால் மிஷினையே அவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். அறுபது ரூபாய்க்கு ஈடாக எடுத்துக்கொள்ளட்டும். துரும்பு கிள்ளினால் போதும்.

அம்மாவிடம் சொல்லுங்கள்: திப்பிலி கொஞ்சம், சுக்கு கொஞ்சம், மலைத்தேன் ஒரு புட்டி. அம்மா உடுத்தி நைந்த பழைய சீலை இரண்டு. புதுத் துணி வேண்டாம், பழையதுதான் வேண்டும்.

பாவாயி


குண்டனி நாடு
சுபானு ஐப்பசி 4

மகள் பாவாயிக்கு.

உனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா? முந்நூற்று ஐம்பது பெறும் மிஷினை அறுபது ரூபாய்க்கு விட்டுக்கொடு என்று எழுத எப்படி மனம் வந்தது? அந்த மிஷினுக்காகத் துரைசானியிடம் எத்தனை மாதம் சம்பளம் இல்லாமல் பாத்திரம் துலக்கினாய்? மாணிக்கம் வீட்டில் நீ வாங்கிய பேச்சுக்கெல்லாம் அந்த ஒரு பொருள்தான் துணையாக இருந்தது என்று உன் அம்மாவிடம் அழுதாயே. யாரோ உன்னை மிரட்டுகிறார்கள். அருணாசலமா? உண்மையைச் சொல்.

மேலே உள்ளதை நேற்று எழுதினேன். கோடு போட்டு அடிக்காமல் விட்டிருக்கிறேன்; உன் அப்பன் எவ்வளவு மடையன் என்று நீ பார்க்க வேண்டும்.

இன்று காலை உன் அம்மா உரலில் சாமை குத்திக்கொண்டிருந்தாள். கோபத்தோடு பக்கத்தில் உட்கார்ந்து உன் கடிதத்தை எழுத்துக் கூட்டி வாசித்தேன். அவள் உலக்கையை நிறுத்தினாள்.

"ஏனுங்க, அந்தச் சீலச் சங்கதிய மறுக்காப் படிங்க."

படித்தேன்.

"பழஞ்சீல எதுக்குக் கேக்கறா?"

"மிஷினு தொடைக்கக் கேட்டிருப்பா."

"அவகிட்ட ஏதுங்க மிஷினு?"

அவள் உலக்கையைச் சுவரில் சாய்த்துவிட்டு, என்னைக் கன்றுக்குட்டியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "எழுத்தெல்லாம் படிக்கத் தெரியுதுங்களே, உங்களுக்கு. திப்பிலி கேக்கறா, தேனு கேக்கறா, பழஞ்சீல கேக்கறா. தைக்கு முன்னாடி முடியோணும்கறா. இன்னும் என்னத்த எழுதோணும் அந்தப் புள்ள?" என்று சொல்லி விரல் மடித்து எண்ணினாள். எண்ணி முடித்ததும், "தை" என்றாள். அப்புறம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா தெரியாது. இரண்டும் செய்தாள்.

நாலு வருஷமாகப் பிள்ளை இல்லை என்று சொன்ன மாணிக்கத்தின் வீட்டுக்காரர்கள் இப்போது கேள்விப்பட்டால்? துரும்பு கிள்ளவே மாட்டார்கள். ராசப்பன் பொறுத்திருந்து, பிறந்ததும் தொட்டிலோடு தூக்கிக்கொண்டு போவான். வழக்கமும் அவன் பக்கம். இதை நீ எனக்கு எழுத முடியாமல் போனதற்குக் காரணம் நான்தான். நான் மூட்டைமேல் நின்று வாசிப்பேன் என்று பயந்து, எழுதாமல் எழுதியிருக்கிறாய். நானோ அந்தக் கவலை நமக்கு இல்லை என்று எழுதி அனுப்பினேன். அந்த வரியை நீ எப்படி வாசித்தாயோ!

இந்தக் கடிதத்தை நாச்சிமுத்து கையில் கொடுக்கவில்லை. நானே மலை இறங்கிப் போய்ச் சேந்தமங்கலத்துத் தபால் பெட்டியில் போடுகிறேன். நீ கேட்ட சாமான்கள் தனிக்கட்டாக வரும். படித்ததும் இதை அடுப்பில் போடு.

அப்பன்


சேலம்
3-11-1943

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வணக்கம். சாமான்கள் வந்தன. சீலையில் அம்மாவின் வாசனை இருந்தது.

அம்மா எண்ணியது சரி.

அவருக்குக் கொஞ்சம் வாசிக்க வருமே தவிர எழுத வராது, அப்பா. நான் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து தாளைப் பிடித்துக்கொள்கிறார். அதை இதுவரை நான் சொல்லவில்லை.

சீக்கிரம்.

பாவாயி


குண்டனி நாடு
சுபானு மார்கழி 20

அன்பு மகளுக்கு அப்பன் எழுதுவது. இங்கே பனி அதிகம், சுகம். உன் உடம்பு எப்படி என்று கேட்டு எழுதினால் பதில் வருவதற்குள் மாதம் போய்விடும் என்பதால், நன்றாக இருக்கிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன்.

முதலில் சேதி: நேற்று முன்தினம் துரும்பு கிள்ளிப் போட்டாயிற்று!

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் எழுத ஒன்றும் இல்லாததுதான். கார்த்திகை முழுதும் மழை. மழை விட்டதும் பட்டக்காரருக்குக் குளிர் ஜுரம். அவர் வீட்டுக்குத் தினமும் கஷாயம் கொண்டு போனேன். அவர் குணமாக என் அளவுக்கு அம்மனை வேண்டியவர் அவர் சம்சாரம்கூட இல்லை.

கூட்டத்தின் நடுவில் அடமான மிஷினையும் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். நான் எழுந்து நின்று, "பரியத்துக்கு ஈடா மிஷினையே அவங்க வெச்சுக்கட்டுமுங்க" என்றேன். முந்நூற்று எண்பது விலை நடக்கிறது இப்போது. கூட்டம் வாயைப் பிளந்தது. "எழுத்துப் படிச்சா இருக்கற புத்தியும் போயிருமாட்ட இருக்குது" என்று ஒருவன் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ராசப்பன் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு எழுந்தான். "ஆடியில அறுவதுக்கு மேல ஒரு தம்பிடி தரமாட்டேன்னு போன ஆளு, இன்னிக்கு எதுக்கு முந்நூத்தி எம்பத அள்ளிக் குடுக்கறாரு? உங்க மகளுக்கு என்னமோ விசேஷமுங்களா?"

பாவாயி, அம்மன் பேரால் கூடிய கூட்டத்தில் பொய் சொல்ல நாக்கு எழவில்லை. இடுப்பு முடிச்சில் உன் கடைசிக் கடிதம் இருந்தது. வேறு வழி தெரியாமல் அதையே எடுத்தேன். "மக எழுதின காயிதமே இருக்குது. மறைக்கறதுக்கு என்னங்க? வாசிக்கறேன், எல்லாரும் கேளுங்க" என்றேன்.

எழுந்து நின்று, தொண்டையைச் சரி செய்துகொண்டு, "அப்... பா... வுக்... கும்..." என்று ஆரம்பித்தேன். "அம்... மா... வுக்... கும்..." கூட்டம் நெளிந்தது. "வ... ணக்..." இன்னும் மூன்று வரியில் உன் அம்மா எண்ணிய இடம் வந்துவிடும். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. சொல்லச் சொல்ல இன்னும் மெதுவாக வாசித்தேன்.

"ஐயோ, நிறுத்துங்க சாமி!" என்று ஒருவன் கத்தினான். "ஆடியிலிருந்து சந்தையில இதையேதானுங்க கேக்கறோம், வணக்கம், சுகம்னு!" பட்டக்காரர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, "போதும் செங்கோடா. குளுருல உசுரு போகுது. ஏனப்பா ராசப்பா, மிஷினு வேணுமா வேண்டாமா? ஒரே பேச்சாச் சொல்லு" என்றார். ராசப்பன் என் முகத்தைப் பார்த்தான், மிஷினைப் பார்த்தான். மிஷினையே அதிக நேரம் பார்த்தான். "வேணுமுங்க" என்றான்.

மாணிக்கம் துரும்பைக் கிள்ளிப் போட்டான். கலையும்போது பக்கத்தில் வந்து, "அவ சொகமா இருக்காளா மாமா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். அது ஒன்றும் பொய் இல்லையே.

மிஷினைக் கடைசியாக ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். சக்கரம் சில்லென்று இருந்தது.

கடிதத்தைத் திரும்ப இடுப்பில் முடியும்போதுதான் கவனித்தேன், அதைத் தலைகீழாகப் பிடித்து வாசித்திருக்கிறேன்.

அப்பன் செங்கோடன்


சேலம்
30-1-1944

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பாவாயியின் வணக்கம்.

தை எட்டாம் தேதி வெள்ளிக்கிழமை விடியும்போது பெண் குழந்தை பிறந்தாள். தாயும் பிள்ளையும் சுகம். நிறைய முடி, அம்மாவின் நெற்றி. அருணாசலம் வேலைக்குப் போகாமல் தொட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து, அது தும்மினால்கூடத் திடுக்கிட்டு எழுந்து நிற்கிறார். தொட்டில் அம்மாவின் சீலைதான்.

முதல் சட்டையைக் கையாலேயே தைத்தேன். ஊசித் தையல் மறந்து போயிருக்கும் என்று நினைத்தேன், மறக்கவில்லை.

முதலாளி பார்க்க வந்தார். நாற்பது நாள் கழித்து வேலைக்கு வரலாம் என்றார். குழந்தையைக் கடைக்குத் தூக்கி வரக் கூடாதாம். காக்கித் துணியில் அழுக்குப் படும் என்கிறார். அதனால் என்ன, ஏதாவது வழி இருக்கும். மிஷின் இப்போது நானூறு என்று அவர் சொன்னார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அப்பா, இந்தக் கடிதத்தை நீங்கள் எங்கே வேண்டுமானாலும் வாசிக்கலாம்.

பாவாயி


குண்டனி நாடு
சுபானு மாசி 2

என் கண்ணான மகள் பாவாயிக்கும், மருமகன் அருணாசலத்துக்கும், வெள்ளிக்கிழமை பிறந்த என் பேத்திக்கும் அப்பன் செங்கோடன் எழுதுவது. மூவரும் நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும்.

வாசித்தேன்! சோளக்காட்டில், அதே இடத்தில், மிளகு மூட்டைமேல். நான் ஏறியதும் நாலைந்து பேர் நழுவப் பார்த்தார்கள். கண்ணாயி, "இன்னிக்கு என்னுகிட்டப் பழமில்லீங்க" என்று கூடையை மூடினாள். நான் வணக்கம், சுகம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நேராக இரண்டாம் வரிக்குப் போனேன். "தை எட்டாம் தேதி வெள்ளிக்கிழமை விடியும்போது பெண் குழந்தை பிறந்தாள்." ஒரு எழுத்துகூடத் தடங்கவில்லை.

கண்ணாயிதான் முதலில் கையைத் தட்டினாள். கூடையைத் திறந்து இரண்டு சீப்பு கொடுத்தாள்.

ராசப்பன் உப்புக் கடையில் நின்றிருந்தான். விரல் மடித்து எண்ணினான். மார்கழியில் நின்றான், திரும்ப எண்ணினான். அவன் முகம் போன போக்கை எழுத எனக்கு இன்னும் எழுத்துப் பழக வேண்டும். "ஏனுங்க! கூட்டத்துல என்னமோ வாசிக்க வந்தீங்களே, அதுல இருந்துச்சுங்களா இது?" என்றான்.

"நீங்கதான் நிறுத்துங்கன்னீங்க" என்றேன்.

பட்டக்காரர் வரை போய் முறையிட்டானாம். "துரும்பு கிள்ளினது கிள்ளினதுதான். போயி மிஷினு ஓட்டு" என்று அனுப்பிவிட்டார். மிஷினை அவனுக்கு ஓட்டத் தெரியாது. நாச்சிமுத்து நானூறுக்குக் கேட்டும் தரவில்லை. ஐந்நூறு ஆகட்டும் என்று மறுபடியும் சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறான். கோழிக்கூடை திரும்ப ஏறிவிட்டது என்று கேள்வி.

பாவாயி, குழந்தையைக் கடைக்குத் தூக்கி வரக் கூடாது, ஏதாவது வழி இருக்கும் என்று எழுதியிருந்தாய். இந்த முறை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டும் முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. அந்த மிஷின் இருந்திருந்தால் நீ வீட்டில் உட்கார்ந்தே தைத்திருப்பாய். உலக்கை குத்திக்கொண்டிருந்தவளிடம் போய், "கெளம்பு" என்று மட்டும் சொன்னேன். "எப்பவோ மூட்ட கட்டி வெச்சுட்டனுங்க" என்கிறாள். முழங்கால் வலியெல்லாம் எங்கே போயிற்றோ. ஞாயிற்றுக்கிழமை நாச்சிமுத்துவின் பொதிமாட்டோடு மலை இறங்கி வருகிறாள். நீ கடைக்குப் போ. குழந்தை அவளிடம் இருக்கட்டும். உன் மணியார்டர் அறுபதும் அவள் மடியில் வருகிறது. ஒரு மிஷினுக்குக் காணாது. வைத்திரு, சண்டை முடிந்தால் கப்பல் வராமலா போகும்?

நான் இங்கே தனியாகச் சாமைக் கஞ்சி காய்ச்சிக்கொள்வேன். பேச ஆள் இல்லாததால் அடுத்த வாரம் கட்டாயம் இன்னொரு கடிதம் எழுதுவேன். நாலு நாள் ஆகாது, இரண்டு நாளில் முடிப்பேன். அதற்குள் பேத்திக்கு என்ன பேர் வைத்தாய் என்று எழுதி அனுப்பு. அந்த எழுத்துகளைப் பலகையில் பழகி வைத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பன் செங்கோடன்